உறைமோர் வாங்கப் போனவள்

அநியாயம் நடந்தது நவமணிக்கு. செய்தவர்கள் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு பேர். செய்த விதம், சிரித்தார்கள். இவ்வளவுதானா, சிரித்ததெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்டவர்கள் அவள் ஊரான ஆனைமரத்துப்பாளையத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி, மகளிர் கபடி இறுதிப்போட்டி. ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கும்போது, பத்தாம் எண் பனியன் போட்ட நவமணி வாழ்வா சாவா ரெய்டுக்கு நடுக்கோட்டைத் தாண்டினாள். எதிரே ஏழு பேர் கைகோர்த்து நின்றார்கள். அவள் மூச்சைக் கட்டிக்கொண்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டு, வலது மூலையில் நிற்பவளின் கணுக்காலையே பார்த்தபடி இடமும் வலமும் அளந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் மேடையில் உட்கார்ந்திருந்த வர்ணனையாளர் சரவெடி சதாசிவம், மைதானத்து ஒலிபெருக்கிக்கும் இணைய நேரலைக்கும் சேர்த்து ஒரே மைக்கில் இப்படிச் சொன்னார்:

"போகுது பாருங்க, போகுது பாருங்க, பத்தாம் நம்பர் அம்மணி பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போகுது! அக்கா இருக்கீங்களான்னு எட்டிப் பார்க்குது... டம்ளரை எங்க வெச்சோம்னு தேடுது... அய்யய்யோ, உறைமோர் கேட்ட புள்ளைய ஆளோட புடிச்சு உள்ள போட்டுக்கிட்டாங்களே! ஏனுங்க அம்மணி, வீட்ல பாலைக் காய்ச்சி எறக்கி வெச்சுட்டுக் காத்திருக்காங்க, நீங்க இங்கயே மருமவளாயிட்டீங்களே!"

நவமணியின் கால் பெருவிரல் அந்தக் கணுக்காலைத் தொட்டிருந்தது. ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கியபோதும் அவளது நடுவிரல் நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. தொட்டதைப் பார்த்திருக்க வேண்டிய நடுவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பதிவு செய்திருக்க வேண்டிய கேமராவும், பிடித்திருந்தவர் சிரித்ததில் குலுங்கி, அந்த விநாடியில் வானத்தையும் ஒரு வேப்பமரத்தையும் மட்டும் காட்டியது. புள்ளி போயிற்று, ஆட்டமும் போயிற்று. இதே மைதானத்தில் அன்று காலை ஆண்கள் ஆட்டத்தில் ஒருவன் இதேபோல மாட்டிக்கொண்டபோது, "சிங்கம் கூண்டுக்குள்ள சிக்கிருச்சு, ஆனா கர்ஜனை நிக்கலை!" என்று இதே சதாசிவம்தான் சொன்னார். மாட்டிக்கொண்ட ஆண் சிங்கம் என்றால் மாட்டிக்கொண்ட பெண்ணும் சிங்கம்தானே, அவள் மட்டும் எப்படி மருமகளானாள் என்று நவமணி பிறகு ஊர் முழுக்கக் கேட்டாள். கேட்டவள் மூச்சு வாங்குவதற்குள் அவள் தலைக்கு மேலிருந்து பதில் போலச் சிரிப்பு வந்தது.

ஏனென்றால் அந்தச் சிரிப்பு கலையவில்லை. மற்ற சிரிப்புகள் சிரித்த இடத்திலேயே தேய்ந்து போய்விடும். இது மைதானத்திலிருந்து எழுந்து, நேரலை பார்த்த ஊர்களிலிருந்தெல்லாம் எழுந்து, அவளது வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு முழ உயரத்தில் வந்து நின்றுகொண்டு, அவள் நடந்தால் நடந்தது, உட்கார்ந்தால் தாழ்ந்தது. பேருந்தில் ஏறியதும் நடத்துனர், "அம்மணி, அந்த போனை ஆஃப் பண்ணுங்க," என்றார்.

"போன் இல்லீங்க. மேல இருக்குது."

நடத்துனர் அண்ணாந்து பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். "அப்டின்னா பின்னாடி சீட்டுக்குப் போயிருங்க. முன்னால கைக்கொழந்தை தூங்குது," என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

வீட்டில் அம்மா மழை வருமா என்று பார்ப்பவளைப் போல ஒருமுறை மேலே பார்த்தாள். "சோறு திங்கறப்பவாச்சும் நிக்குமா இது?" என்று கேட்டாள். நிற்கவில்லை. மறுநாள் போனில் அழைத்த அப்பா பொன்னுசாமி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ஐப்பசியிலேயே சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தவர், "சாப்பிட்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டார். பின்னால் என்ன சத்தம் என்றுகூடக் கேட்காமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

முதல் வாரம் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் ஊருக்குப் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா, காய்ச்சி ஆறிய பால் கிண்ணத்தை இடுப்பில் வைத்தபடி பேச வந்து, நவமணிக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, தன் நாத்தனாரைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப எடுத்தபோது பால் கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டித் தயிராக இருந்தது. ஒரு சொட்டு உறைமோர் ஊற்றாத பால். அன்று சாயங்காலத்துக்குள் வாசலில் பதினேழு பாத்திரங்கள் வந்து வரிசையில் உட்கார்ந்தன. பித்தளைப் போசி, எவர்சில்வர் தூக்கு, மூடி தொலைந்த குக்கர், கல்யாண வீட்டிலிருந்து ஆள் தூக்கி வந்த பெரிய அண்டா. அவற்றின் நடுவே புத்தகத்தோடு நவமணி உட்கார்ந்திருக்க, மேலே நாற்பத்தோராயிரம் பேர் சிரிக்க, கீழே பால் தயிராகிக்கொண்டிருந்தது. தயிர் புளிக்கவே இல்லை என்றும், சிரிப்பு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் சீக்கிரம் உறையும் என்றும், பிள்ளையைக் குனிந்து உட்காரச் சொல்லுங்கள் என்றும் ஆளாளுக்கு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படித்தான் ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது. பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினர் நகைச்சுவையாகப் பேசுவார் என்று தெரிந்ததும் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சோறு உண்ணாத குழந்தைகளை அந்தச் சிரிப்புக்குக் கீழே கொண்டுவந்து ஊட்டினார்கள். தோழியின் தாத்தா இறந்தபோது மட்டும் துக்க வீட்டு முக்கில் அவளை நிறுத்தி, "நீ வந்ததா நெனச்சுக்கறோம் சாமி, இப்படியே போயிரு," என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். காது டாக்டர் இரண்டு காதிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, சிரிப்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"வெளையாட்டை வெளையாட்டா எடுத்துக்கோணும்," என்று அவளிடம் சொன்னவர்கள் பதினோரு பேர்.

"வெளையாட்டை வெளையாட்டா எடுக்க விட்டாத்தானே! நான் பாயிண்ட் எடுக்கப் போனேன். உங்களுக்குத்தான் அது உறைமோரா தெரிஞ்சுது," என்று பதினோரு பேரிடமும் அவள் சொன்னாள். பதினோரு பேரும், "பாரு, கோவத்துலயும் என்னமா பேசுது!" என்று சிரித்தார்கள்.

பங்குனியில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு நடந்தது. அணியில் இடம் கிடைத்தால் எம்.ஏ. இடமும் விடுதியும் சேர்ந்து கிடைக்கும். கிடைக்காவிட்டால் என்ன என்பதும் தீர்மானமாகியிருந்தது. பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, சிரிப்பைக் கேட்டு, தயிரைச் சாப்பிட்டு, "வீட்ல தயிருக்குப் பஞ்சமிருக்காதுங்க," என்று முழுத் திருப்தியோடு தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். "ஆடி முடியறதுக்குள்ள டீம்ல எடத்த வாங்கிரு, இல்லீன்னா ஆவணில கல்யாணம்," என்றாள் அம்மா. சதாசிவம் மைக்கில் சொன்ன மருமகள் இப்படிப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும் வந்து நின்றாள்.

கபடியில் ஒரு விதி உண்டு. பாடிப் போகிறவளின் பாட்டு ஒரே மூச்சில் இருக்க வேண்டும், நடுவர் காதில் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் ரெய்டு செல்லாது. தேர்வு நாளில் நவமணி முதல் ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். நடுவர் கையை விரித்தார். "பாட்டுக் கேக்கலையேம்மா."

"பாடினேன் சார்."

"பாடியிருப்ப. எனக்குச் சிரிப்புதானே கேக்குது."

இரண்டாம் ரெய்டும் அப்படியே, மூன்றாம் ரெய்டும் அப்படியே. நல்ல மனிதர்தான். மேலே பார்த்து, தானும் லேசாகச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, "ஆடி மாசம் இன்னொரு செலக்சன் இருக்குது. இதை விட்டுட்டு வா," என்றார், ஏதோ அவள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் போல. அவள் கபடிச் சங்கத்துக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினாள். சிரிப்பைப் பற்றி விதிப்புத்தகத்தில் பிரிவு எதுவும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பயிற்சி கொடுத்த டெய்சிராணி டீச்சர் அவளை ஒரு தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். இருபத்துநான்கு விசைத்தறிகள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அங்கே, கூடத்தின் ஒரு முனையில் டீச்சர் நிற்க, மறுமுனையிலிருந்து நவமணி பாட வேண்டும். சித்திரை முழுக்கப் பாடினாள், வைகாசி முழுக்கப் பாடினாள், தொண்டை கட்டித் திறந்து, கட்டித் திறந்து, வைகாசிக் கடைசியில் ஒருநாள் டீச்சர் மறுமுனையிலிருந்து கையைத் தூக்கினார். கேட்டுவிட்டது. தறிகளுக்கு மேலே கேட்டது, சிரிப்புக்கு மேலேயும் கேட்டது. ஆனால் பத்து விநாடிக்கு மேல் ஒவ்வொரு முறையும், பாட்டு நடுவிலேயே, கத்தரித்த நூல்போல அறுந்தது. தொண்டை இருந்தது, மூச்சுத்தான் நீடிக்கவில்லை. ஏன் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. நவமணிக்கு லேசாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்ததை அவள் நம்பவில்லை.

நம்பாததால்தான், சிரிப்பை மூட்டிவிட்டவரே அதை நிறுத்தட்டும் என்று அவள் சரவெடி சதாசிவத்தைத் தேடிப் போனாள். சங்ககிரிப் பக்கம் ஒரு போட்டியில், மதிய இடைவேளையில், மேடைக்குப் பின்னால் அவர் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நவமணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் என்ன சொன்னேன்னு சொன்னீங்க?" என்றார்.

அவருக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம், ஆட்டத்துக்கு நூறு பகடி. ஆகவே நவமணியே, தன் வாயாலேயே, உறைமோரிலிருந்து மருமகள் வரைக்கும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் சதாசிவம் சோற்றுக் கையோடு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், யாரோ சொன்ன நல்ல பகடியை முதல்முறையாகக் கேட்கிறவரைப் போல.

"சிங்கம்னு சொல்லியிருக்கலாமேங்க," என்றாள் நவமணி.

"பொண்ணச் சிங்கம்னா சனம் சிரிக்காதேம்மா."

"எதுக்குச் சிரிக்கோணும்?"

இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கையைக் கழுவிவிட்டு, அவள் தலைக்கு மேலே ஒருமுறை பார்த்தார். பிறகு, "வாங்க, லைவ்லயே வாபஸ் வாங்கிடறேன்," என்று மைக்கை எடுத்தார். மனதாரத்தான் எடுத்தார், அது அவர் முகத்தில் தெரிந்தது. "ரசிகப் பெருமக்களே, அன்னைக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. பத்தாம் நம்பர் அம்மணி நேர்லயே வந்திருக்காங்க. உறைமோரைத் திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க, ஆனா டம்ளரை..." என்று வாய் தானாகப் போய்விட்டது. மைதானம் சிரித்தது. நேரலையில் பன்னிரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். அந்தப் பன்னிரண்டாயிரமும் வந்து முன்பிருந்ததோடு சேர்ந்துகொள்ள, சிரிப்பு கனம் தாங்காமல் அவள் காது வரைக்கும் இறங்கியது.

சதாசிவம் மைக்கை அணைத்துவிட்டு அதை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வாயத் தெறந்தா இப்படித்தான்மா வருது. எங்கப்பன் செத்தப்ப அடக்கம் எத்தனை மணிக்குன்னு மைக்ல சொல்லப் போனேன். அதுக்கும் சிரிச்சுப்புட்டாங்க." பிறகு மெதுவாக, "சொன்னதுதாம்மா என்னுது. சிரிச்சது என்னுது இல்ல. சிரிச்சவங்களைக் கேளுங்க," என்றார்.

பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற பேச்சு என்று நவமணி பேருந்து முழுக்கக் கோபத்தோடு வந்தாள். தூண்டிவிட்டவருக்குப் பங்கில்லையா, பங்கில்லை என்றால் மைக் எதற்கு என்று மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தாள். ஆனாலும் சிரிப்பு காதுவரை இறங்கிவிட்டதால், அதுவரை ஒரே இரைச்சலாகக் கேட்டது இப்போது தனித்தனிக் குரல்களாகப் பிரிந்து கேட்டது. மளிகைக்கடை ஆறுமுகத்தின் குரல் கேட்டது. கேட்கப் போனாள்.

"நானா? நான் சிரிக்கவே இல்லியே," என்றார் ஆறுமுகம், அவரது சிரிப்பு அவருக்கு எதிரிலேயே அவள் தோளுக்கு மேல் விக்கி விக்கிக் கேட்டுக்கொண்டிருக்க. நூலகர் சிரிக்கவில்லை. பாப்பாத்தியக்கா சிரிக்கவில்லை, தயிர்ப் போசியை மட்டும் எடுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வீடு ஏறி இறங்கினாள், ஒருவரும் சிரித்திருக்கவில்லை. ஊரில் யாருமே சிரிக்காத ஒரு சிரிப்பைத்தான் அவள் மூன்று மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

தறிக்கூடத்து வாசலில் டெய்சிராணி டீச்சரிடம் இதைச் சொன்னபோது டீச்சர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுருட்டினார். "நானுந்தான்டி சிரிச்சேன். பெஞ்சில உக்காந்துக்கிட்டு. நீ கீழ கெடக்கறப்ப. என்னை மன்னிச்சிரு." சொல்லி முடித்த நொடியில் அந்த இரைச்சலிலிருந்து ஒரு குரல், கீச்சென்ற ஒரு பெண் குரல், கழன்று காணாமல் போனது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு பயிற்சிக்குப் போனார்கள்.

ஒப்புக்கொண்டால் போய்விடும், அவ்வளவுதான். ஐம்பத்து மூவாயிரம் பேரையும் தேடிப் போய் ஒப்புக்கொள்ளவைக்க ஓர் ஆயுள் போதாது என்பது நவமணிக்குத் தெரியும். தேவையும் இல்லை. மற்ற எல்லாருடைய சிரிப்பையும் தாண்டிப் பாட அவளுக்கு இப்போது தொண்டை இருந்தது. தாண்ட முடியாதது ஒன்றே ஒன்றுதான். வலது காதை ஒட்டி, எல்லாவற்றுக்கும் அடியில், தாழ்ந்த குரலில், இரண்டே இரண்டு முறை ஹெக் ஹெக் என்று சிரித்துவிட்டு, கடைசியில் ஒரு வறட்டு இருமலில் முடிகிற சிரிப்பு. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற கல்மாவை இருபது வருஷம் தின்ற நெஞ்சிலிருந்து மட்டுமே வரக்கூடிய இருமல். பாட்டின் பத்தாவது விநாடியில் அந்த இருமல் காதில் விழும், அவள் மூச்சு அறுந்துவிடும்.

இல்லை, அது வேறு யாரோ, ரிக் லாரியில் போகிற ஆயிரம் பேருக்கும் அந்த இருமல் இருக்கும் என்று அவள் தன்னோடே வாதாடினாள். ஊரில் எல்லாரோடும் வாதாடியவளால் அந்த ஒரு வாதத்தில் ஜெயிக்க முடியவில்லை. போனில் கேட்கலாம் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை நினைத்தாள். நான்கு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா "சாப்பிட்டியா கண்ணு" என்றார், அவள் "சாப்பிட்டேன்" என்றாள்.

ஆனிக் கடைசியில் வடக்கே மழை பிடித்துக்கொண்டு நிலம் சேறாகி, ரிக் லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆடி மாத அணித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக, காலை எட்டு மணிக்கு, பொன்னுசாமி ஒரு பையும் அவளுக்கு ஒரு ஜோடி புது ஷூவுமாக வாசலில் வந்து நின்றார். வாசலில் தயிர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அவற்றை மிதிக்காமல் கால் எடுத்து வைத்து உள்ளே வந்தவர், மகளைப் பார்த்தார், மகளின் தோளுக்கு மேலே பார்த்தார். பார்த்ததுமே அவர் முகம் செத்துப் போயிற்று. தன் குரல் தனக்குக் கேட்டுவிட்டது.

"டீச்சர் சொன்னாங்க, ஷூ தேஞ்சு போச்சுன்னு," என்றார், பெட்டியை நீட்டியபடி.

நவமணி வாங்கவில்லை. எத்தனையோ மாதமாக எத்தனையோ பேரிடம் வாதாடிப் பழகிய அவளிடம் இந்த ஒருவருக்கு என்று வைத்திருந்த வாதங்கள் நிறைய இருந்தன: நீங்கள்தானே ஏழு வயதில் தோட்டத்து மண்ணில் கோடு கிழித்துப் பாடச் சொல்லிக்கொடுத்தீர்கள், நீங்கள்தானே புள்ளைக்கு மூச்சு நீளமா நிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீர்கள் என்று. அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"நீங்களும் சிரிச்சீங்களாப்பா?"

பொன்னுசாமி ஷூப் பெட்டியைக் கட்டில் மேல் வைத்தார். மேலே அவரது சிரிப்பு இருமலில் முடிந்தது, மறுபடி தொடங்கியது, மறுபடி இருமலில் முடிந்தது. கீழே அவரும் இருமினார். இரண்டு இருமலும் ஒன்றுபோலவே இருந்தன.

"டீ குடிக்கற நேரம்," என்றார். "லாரி நெழல்ல ஒம்பது பேரு உக்காந்திருந்தோம். ஆப்பரேட்டரு போன்ல மேட்ச் ஓடுச்சு. என்ற புள்ள இன்னைக்கு ஆடுதுன்னு நான் ஆருகிட்டயும் சொல்லல, ஜெயிச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ கோட்டத் தாண்டுனே. அந்தாளு உறைமோருன்னு சொன்னான். ஒம்பது பேரும்..."

"ஒம்பதுல நீங்களும் ஒருத்தர்."

"ஆமா."

"ஏம்ப்பா?"

அவர் வாசலில் உறைந்துகொண்டிருந்த பாலைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாருஞ் சிரிக்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் சிரிக்காம இருந்திருந்தா, அது என்ற புள்ளைன்னு அவிங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும் கண்ணு."